முதல் ஆறு மாதங்கள்: பார்க்கின்சன் நோயும் மன அழுத்தமும்

பார்க்கின்சன் நோய் என்று முதன்முறையாகக் கண்டறியப்படும் ஒருவரை மருத்துவம் இன்றைக்கும் பெரும்பாலும் கையையும் காலையும் வைத்தே அளக்கிறது. நடுக்கம் எவ்வளவு, தசை எந்த அளவுக்கு இறுகியிருக்கிறது, விரல்களைத் தட்டச் சொன்னால் வேகம் எப்படிக் குறைகிறது, நடக்கும்போது எந்தக் கை வீசாமல் உடலோடு ஒட்டிக்கொள்கிறது என்பவையெல்லாம் கோப்பில் ஏறுகின்றன; அவர் எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, எதை யாரிடமிருந்து மறைத்துக்கொண்டிருக்கிறார் என்பவை ஏறுவதில்லை. இந்நோய்க்கான புறநோயாளிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றும் நரம்பியல் மருத்துவர், படித்ததைக் காட்டிலும் பார்த்ததன் வழியாக, ஒரு முடிவுக்கு வந்து சேர்கிறார்: புதிதாக நோய் கண்டறியப்பட்டவரின் மன அழுத்தத்தை, கெட்ட செய்தியைக் கேட்டவருக்கு இயல்பாக வரும் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது, நோயே அதன் ஒரு பங்கை உண்டாக்குகிறது, அதுவும் திரும்ப நோயின் அறிகுறிகளைக் கூட்டுகிறது, ஆகவே முதல் நாளிலிருந்தே அதற்கும் சிகிச்சை வேண்டும்.

மனத்தின் பங்கு கவனம் பெறாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறே பேரை வைத்து, அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டதைக் கொண்டே, நடுக்குவாதம் பற்றிய தம் சிறு நூலை எழுதியபோது, இந்நோயில் புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்று குறித்தார். அந்தக் குறிப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவர்களின் பார்வையை உடலசைவோடு நிறுத்திவைத்தது. ஆயினும், நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டிய பாரிஸ் நரம்பியல் மேதை ஷார்க்கோவும், லண்டனில் கவர்ஸும், நோய் தொடங்குமுன் கடும் அதிர்ச்சியோ நீடித்த கவலையோ இருந்ததாக நோயாளிகள் சொல்லக் கேட்டு, அதை நோய்க்கான காரணங்களின் வரிசையில் சேர்த்தார்கள். பின்னர் 1919இல் திரெத்தியாக்கோவ், நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்ற பகுதியின் செல்கள் இந்நோயில் அழிவதைக் காட்டினார்; 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் அச்செல்கள் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் நோயாளிகளின் மூளையில் வற்றிப்போயிருப்பதை நிறுவினார்கள். காரணம் கைக்குக் கிடைத்துவிட்டது என்றானதும், அதிர்ச்சி, கவலை என்ற பேச்சு பாடநூல்களிலிருந்து மெல்ல நழுவியது.

நோயாளிகளோ அந்தப் பேச்சை ஒருநாளும் விடவில்லை. 'வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம்தான் டாக்டர் கை ஆட ஆரம்பிச்சது' என்பதும், 'பொண்ணு கல்யாண அலைச்சல்ல வந்தது' என்பதும் இப்பிரிவில் அன்றாடம் கேட்கும் வாக்கியங்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளும் இளம் மருத்துவர்களும் உண்டு, அப்படியே காரணமாக எடுத்துக்கொள்ளும் உறவினர்களும் உண்டு, இரண்டுமே சரியில்லை. கையில் நடுக்கம் வெளிப்படையாகத் தெரியவரும் வேளையில் கருநிறப் பகுதியின் டோபமின் செல்களில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ ஏற்கெனவே அழிந்திருக்கும் என்பதும், அந்த அழிவு பல ஆண்டுகளாக ஓசையின்றி நடந்துவந்திருக்கும் என்பதும் இன்று தெரிந்த செய்திகள். எஞ்சிய செல்கள் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிக்கொண்டே வருகின்றன. சேமிப்பு கரைந்துபோன குடும்பம் அன்றாடச் செலவை எப்படியோ சமாளித்துவிட்டு, ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்ததும் தடுமாறுவதைப் போல, இந்த ஈடுகட்டலும் ஒரு பெரும் துயரத்தின்போதோ அலைச்சலின்போதோ முறிகிறது. மறைந்திருந்த நடுக்கம் அன்று வெளியே வருகிறது. ஆகவே கணவரை இழந்த அந்த அம்மையார் சொல்லும் காலக்கணக்கு உண்மைதான். அந்தத் துயரம் நோயை வெளிக்கொணர்ந்தது என்று சொல்லலாமே தவிர, உண்டாக்கியது என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது. இந்த வேறுபாட்டை நிதானமாக விளக்கிச் சொன்னால், 'நான்தான் அழுது அழுது வரவழைச்சுக்கிட்டேன்' என்று நினைத்துக்கொண்டிருப்பவரின் குற்றவுணர்வு பெரிதும் குறைகிறது.

அழுத்தம் உடலில் எப்படிப் பரவுகிறது என்பதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று நொடிகளில் இயங்குவது: நரம்புகளின் ஆணையால் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகிறது, மூளையின் அடித்தண்டில் உள்ள 'லோகஸ் செருலியஸ்' என்ற நீலநிறச் சிறு திரள் நார்-அட்ரினலினை மூளை முழுவதற்கும் அனுப்புகிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. மற்றது நிமிடக்கணக்கில் இயங்குவது: மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ் ஒரு தூண்டு ஹார்மோனைச் சுரக்க, அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி மற்றொன்றைச் சுரக்க, அது இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதியை எட்டி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனை வெளியேற்றச் செய்கிறது. மான்ட்ரியாலில் ஹான்ஸ் செலியே 1936இல், எலிகளுக்கு எவ்வகைத் துன்பம் நேர்ந்தாலும் அட்ரினல் சுரப்பி பெருப்பதும் இரைப்பையில் புண் வருவதும் ஒரே மாதிரி நிகழ்வதைக் கண்டு எழுதிய சிறு குறிப்பிலிருந்து இந்தத் துறை கிளைத்தது. கார்ட்டிசால் தீய பொருள் அன்று. விடிகாலையில் உயர்ந்து, விழித்தெழுந்த பின் அரை மணி, முக்கால் மணிக்குள் மேலும் ஒரு படி ஏறி, பிறகு நாள் முழுவதும் இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வருவது அதன் இயல்பான ஓட்டம். அது இல்லாவிட்டால் மனிதர் எழுந்து நடமாடவே முடியாது. இறங்கவேண்டிய நேரத்தில் இறங்காமல் நிற்பதே தொல்லை.

பார்க்கின்சன் நோயாளிக்கு இந்த ஏற்பாடே பழுதுபட்டிருக்கிறது என்பதுதான் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லப்படாத செய்தி. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் பிராக் 2003இல் தம் குழுவினரோடு முன்வைத்த வரிசைமுறையின்படி, ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் செல்களுக்குள் கட்டிகட்டியாகப் படியும் மாற்றம், கருநிறப் பகுதியை எட்டுவதற்கு முன்பே நீலநிறத் திரளை எட்டிவிடுகிறது. எல்லா நோயாளிகளிடமும் இந்த வரிசை மாறாமல் நடப்பதில்லை என்றாலும், நீலத்திரளின் இழப்பு இந்நோயில் பொதுவானது. ஹைப்போதாலமஸிலும் அதே படிவுகள் காணப்படுகின்றன. அச்சத்தையும் அமைதியையும் ஆளும் உறுப்புகள் முன்கூட்டியே தாக்கப்பட்டிருப்பதால், பலருக்கு நடுக்கம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே காரணமற்ற பதற்றம் தலைகாட்டியிருக்கும். கேட்டால் வீட்டார்தான் சொல்வார்கள்: முன்பெல்லாம் தனியே சென்னைக்குப் போய்வந்தவர், சில வருடமாகப் பஸ் ஏறவே தயங்குகிறார் என்று. இந்நோயாளிகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பதற்றம் உண்டு என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மருத்துவமனை அனுபவம் அதை மறுக்கவில்லை.

இந்த உறவை நேரில் காட்டும் எளிய சோதனை ஒன்று இத்துறையில் தினமும் நடக்கிறது. நோயாளியை நாற்காலியில் அமர்த்தி, இரு கைகளையும் மடியில் தளர்வாக வைக்கச் சொல்லி, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்கிறார்கள். தொண்ணூற்று மூன்று வரை கை அசையாமல் கிடக்கும். எண்பத்தாறில் கட்டைவிரல் ஆட்காட்டி விரலோடு உரசத் தொடங்கும். எழுபத்தொன்பதைத் தேடும் இடைவெளியில் மணிக்கட்டு வரை நடுக்கம் ஏறி, நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை என்ற அதன் தாளத்தில் ஆடும். கணக்கு எழுதியே வாழ்ந்த ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு ஏழைக் கழிப்பது பாரமாகவே இருப்பதில்லை, அவரிடம் பதின்மூன்றைக் கழிக்கச் சொல்லவேண்டும். பள்ளிக்கூடமே போகாத மூதாட்டியிடம் தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் போதும். விடை சரியா தவறா என்பது இங்கே பொருட்டன்று, மூளைமேல் ஏற்றப்படும் பாரம்தான் பொருட்டு. சோதனை முடிந்த சிறிது நேரத்தில் கை மறுபடி அடங்குவதை நோயாளியே பார்க்கும்படி செய்வது நல்ல வழக்கம். ஒரு மோசமான நாளில் கூடிய நடுக்கத்தைக் கண்டு நோய் ஒரேயடியாக முற்றிவிட்டது என்று அஞ்சுபவருக்கு, கூடியது அந்த நேரத்து அழுத்தத்தால் என்பதைச் சொல்லால் விளக்குவதைவிட இது நன்றாக விளக்கிவிடுகிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் 2017இல் இதே முறையைக் கருவிகளோடு அளந்து, மனப்பாரம் ஏறும்போது, டோபமின் இழப்பை ஈடுகட்டத் தரப்படும் லெவோடோபா மருந்து நடுக்கத்தை அடக்கும் திறனும் குறைகிறது என்று காட்டினார்கள். மாத்திரை வேலை செய்யவில்லை என்று கோபத்தோடு வருபவரின் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன், வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கவேண்டியதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிரான ஒரு நிகழ்வையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2009 ஏப்ரலில் இத்தாலியின் லாக்குயிலா நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, எழுந்து நடக்கவே தடுமாறிய பார்க்கின்சன் நோயாளிகள் சிலர் தாமாகவே வீட்டை விட்டு விரைந்து வெளியேறியதை அந்நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்தான திடீர்க் கணம் மூளையில் வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது போலும். இதைக் கேள்விப்பட்ட உறவினர் சிலர், 'மனசு வச்சா நடக்க முடியும்' என்று நோயாளியை அதட்டத் தொடங்குவது வேதனையான விளைவு. ஒரு நொடி அச்சமும் மாதக்கணக்கான கவலையும் உடலில் ஒரே வேலையைச் செய்வதில்லை.

கார்ட்டிசாலை அளந்துபார்த்தால் என்ன என்ற கேள்வி படித்த நோயாளிகளிடமிருந்து அடிக்கடி வருகிறது. இரத்தத்தில் ஓடும் கார்ட்டிசாலில் பெரும்பங்கு புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்க, ஒட்டாமல் தனியே நிற்கும் சிறு பங்குதான் செல்களுக்குள் புகுந்து வேலை செய்கிறது. அந்தச் சிறு பங்கே உமிழ்நீரிலும் வருவதால், ஆய்வுகளில் ஊசியைத் தவிர்த்து உமிழ்நீரைச் சேகரிக்கிறார்கள். ஊசியே சிலருக்கு அழுத்தம் என்பதும் இதற்கு ஒரு காரணம். விழித்த உடனே ஒருமுறை, அரை மணி கழித்து ஒருமுறை, மாலையில் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை எனச் சிறு பஞ்சுச் சுருளை வாயில் அடக்கி, ஊறியபின் குழாயில் போட்டு, நேரத்தை எழுதி, குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டும். அதற்கு முன் பல் துலக்கக் கூடாது, காபி குடிக்கக் கூடாது. தமிழ் வீட்டில் கண் விழித்ததும் காபி இல்லாத அரை மணி நேரம் என்பது கேட்பதற்கு எளிது, கடைப்பிடிப்பதற்கு அரிது. எழுதப்பட்ட நேரத்துக்கும் எடுத்த நேரத்துக்கும் வேறுபாடு இருந்தால் முடிவே பொருளற்றுப்போகும். கை நடுங்குபவர் அந்தக் குழாயின் மூடியைத் திறக்கவே மனைவியை எழுப்பவேண்டியிருக்கும். முதல் நாள் இரவு தூக்கமில்லாமை, மூட்டுவலிக்கு விழுங்கிய ஸ்டீராய்டு, தோலில் பூசிய களிம்பு விரலில் ஒட்டியிருப்பது ஆகிய எல்லாமே அளவைப் புரட்டிப்போடும்.

இவ்வளவு இடர்களையும் தாண்டி, பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் பார்க்கின்சன் நோயாளிகளைக் குழுவாக எடுத்துப்பார்த்தால் கார்ட்டிசால் சற்று உயர்ந்திருப்பதையும், சிலவற்றில் காலை ஏற்றமும் மாலை இறக்கமும் மழுங்கி நாள் முழுவதும் ஒரே தட்டையாக ஓடுவதையும் கண்டுள்ளன. வேறு சில அப்படி எதையும் காணவில்லை. லெவோடோபா எடுத்துக்கொண்டபின் கார்ட்டிசால் இறங்குவதும் தெரியவந்திருப்பதால், மருந்து தொடங்காத புதிய நோயாளிகளை அளப்பதே தெளிவான விடை தரும். ஆனால் அவர்களோ செய்தியைக் கேட்ட அதிர்ச்சியில் இருப்பவர்கள், ஆகவே உயர்ந்த அளவு நோயினுடையதா செய்தியினுடையதா என்ற சிக்கல் அங்கேயே காத்திருக்கிறது. நாட்பட்ட அழுத்தத்துக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளில் டோபமின் செல்களின் அழிவு விரைவுபட்டதைச் சோதனைக்கூடங்கள் காட்டியுள்ளன. மனிதரில் அது நடக்கிறதா என்பது நிறுவப்படவில்லை. ஆகையால், வேறு சுரப்பிக் கோளாறு இருக்குமோ என்ற ஐயம் இல்லாதவரைத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பி ஒற்றைக் கார்ட்டிசால் எண்ணை வாங்கிவரச் செய்வதில் பயனில்லை. அந்தத் தாளில் தடித்த எழுத்தில் அச்சாகிவரும் எண்ணே அவருக்குப் புதிய கவலையாகிவிடுகிறது.

எண் எதையும் சொல்லாவிட்டாலும், அந்த ஹார்மோனின் ஓட்டத்தை அறிந்த மருத்துவர் செய்தி சொல்லும் முறையை மாற்றிக்கொள்ளவேண்டியிருக்கிறது. அதிர்ச்சிக்குப்பின் கார்ட்டிசால் உச்சத்தை எட்ட இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதாவது மேசைக்கு எதிரே தலையாட்டிக்கொண்டு அமைதியாகக் கேட்டவர், மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போதோ ஆட்டோவில் ஏறும்போதோதான் உச்சத்தில் இருக்கிறார். உயர்ந்த கார்ட்டிசால் நினைவிலுள்ளதை மீட்டெடுப்பதைத் தடுக்கும் என்பதும் தெரிந்ததே. பத்து நிமிடத்தில் நோயின் பெயர், மருந்தின் அளவு, உணவு நேரம், உடற்பயிற்சி, எதிர்காலம் அனைத்தையும் சொல்லி முடிப்பது சொல்லாததற்குச் சமம். முதல் சந்திப்பில் மூன்று செய்திகள் போதும்: நோயின் பெயர், அதற்கு நல்ல மருந்து உண்டு என்பது, அடுத்து வரவேண்டிய தேதி. அந்தத் தேதி மூன்று மாதம் கழித்து இருக்கக் கூடாது; இரண்டு வாரத்துக்குள் இருக்கவேண்டும், ஏனெனில் கேள்விகள் அதற்குள்தான் முளைக்கின்றன. கூட்டம் நெரியும் அரசுப் புறநோயாளிப் பிரிவில் இது எளிதன்று என்றாலும், ஒரு துண்டுத்தாளில் தமிழில் எழுதிக் கொடுப்பதற்கு எந்தக் கூட்டமும் தடையில்லை.

குடும்பம் இடையே நிற்பது நம் நாட்டில் பரவலாகக் காணும் நிலை. நோயாளி செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் அவகாசத்தில் மகன் மட்டும் திரும்பி வந்து, 'அப்பாகிட்ட பேரைச் சொல்லாதீங்க டாக்டர், நரம்புத் தளர்ச்சின்னு சொல்லிடுங்க, அவர் தாங்கமாட்டார்' என்று கெஞ்சுவது வழக்கம். அன்பில் பிறந்த அந்த வேண்டுகோளை ஏற்றுக்கொண்டால் வருவது என்னவென்றால், நரம்புத் தளர்ச்சிக்கு ஏன் காலமெல்லாம் மாத்திரை என்ற புதிர் நோயாளிக்கும், பொய்யைக் காக்கும் பாரம் வீட்டாருக்கும் சேர்கிறது. பெயரைச் சொல்லலாமா என்று நோயாளியிடமே கேட்பதுதான் முறை. 'ஐயா, உங்களுக்கு எல்லாம் விவரமாத் தெரிஞ்சுக்கணுமா, இல்ல வீட்டில யாரையாவது வச்சுப் பேசலாமா?' என்று கேட்டால், பெரும்பாலானோர் தமக்கே தெரியவேண்டும் என்றுதான் சொல்கிறார்கள்.

நோயாளியின் பக்கத்திலிருந்து எழும் மறைப்பு இன்னும் கடுமையானது. கல்யாண வீட்டில் துண்டால் கையைப் போர்த்திக்கொள்வதும், டபராவில் காபியை ஆற்றாமல் யாரும் பார்க்காத நேரத்தில் குடிப்பதும், பெண்ணுக்கு வரன் முடியும்வரை வெளியே தெரியக் கூடாது என்று வீட்டுக்குள்ளேயே அடைந்துகொள்வதும் நாள் முழுவதும் நடக்கும் ஓயாத கண்காணிப்பு. அந்தக் கண்காணிப்பே நூறிலிருந்து ஏழைக் கழிக்கும் சோதனையின் வேலையைச் செய்து, மறைக்க நினைத்த நடுக்கத்தைக் கூட்டிக் காட்டிவிடுகிறது. 1991இல் தம் 29ஆம் வயதில் நோய் கண்டறியப்பட்ட நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ், 1998 வரை அதை உலகுக்குச் சொல்லவில்லை. பணமும் புகழும் உள்ளவருக்கே ஏழாண்டு பிடித்தது என்றால், அலுவலகத்தில் இடமாற்றத்துக்கும் ஊரில் வாய்ப்பேச்சுக்கும் அஞ்சும் ஒருவர் மறைப்பதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லக் கூடாது. ஒருவரிடமாவது, நம்பகமான ஒரே ஒருவரிடமாவது, சொல்லிவிடச் செய்வதை முதல் ஆறு மாதத்துக்கான இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

மருந்தைத் தள்ளிப்போடுவது இக்காலத்தின் மற்றொரு துன்பம். லெவோடோபாவைச் சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் பலனற்றுப்போகும் என்ற எண்ணம் நோயாளிகளிடமும், ஏன், மருத்துவர் சிலரிடமும் ஊறிக்கிடக்கிறது. நெதர்லாந்தில் தொடக்கநிலை நோயாளிகள் 445 பேரில் ஒரு பாதிக்கு உடனேயும் மறு பாதிக்கு 40 வாரம் கழித்தும் அம்மருந்தைத் தொடங்கி 2019இல் வெளியிட்ட ஆய்வில், 80 வாரம் முடிந்தபோது இரு குழுவினருக்கும் நோயின் நிலையில் வேறுபாடு இல்லை. முன்கூட்டித் தொடங்கியதால் நோய் நிற்கவும் இல்லை, கெடவும் இல்லை. அப்படியானால் சட்டைப் பித்தான் போடமுடியாமல் தினம் அவதிப்படுபவர் ஓராண்டு பொறுத்துக்கொள்வதால் அடையும் லாபம் ஏதுமில்லை.

உடற்பயிற்சி பற்றிச் சொல்லும்போது ஒரு முரண்பாடு போலத் தோன்றுவது தெளிகிறது. மூச்சு வாங்கும் அளவுக்குச் சைக்கிள் மிதித்தாலோ விரைந்து நடந்தாலோ கார்ட்டிசால் அந்த நேரத்துக்கு உயரவே செய்கிறது. ஆனால் பயிற்சி முடிந்ததும் இறங்கிவிடுகிறது, இரவில் தூக்கம் வருகிறது. தொடக்கநிலை நோயாளிகளிடம் கடுமையான நடைப்பயிற்சியையும் வீட்டுச் சைக்கிள் பயிற்சியையும் சோதித்த ஆய்வுகள், மாதக்கணக்கில் தொடர்ந்தவர்களின் அசைவுக் குறைபாடு மற்றவர்களுடையதைப்போல் கூடவில்லை என்று காட்டின. ஹாங்காங்கில் 138 நோயாளிகளிடம் எட்டு வாரம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மனங்குவிப்போடு செய்த யோகா, நீட்சிப் பயிற்சிகளைப் போலவே உடலசைவுக்கு உதவியதோடு, பதற்றத்தையும் மனச்சோர்வையும் அவற்றைவிட நன்றாகத் தணித்தது. சொந்த ஊரின் சரக்கு என்பதாலேயே யோகாவை நம்புவதோ, அதே காரணத்தால் இகழ்வதோ வேண்டாம். சோதித்துப் பார்க்கப்பட்ட அளவுக்கு அதைப் பரிந்துரைக்கலாம். பதற்றம் அதற்கும் அடங்காவிட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவதில் தயக்கம் கூடாது. தூக்க மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவது, ஏற்கெனவே தடுமாறி நடக்கும் முதியவரை இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விழவைக்கும்.

மருத்துவர் கையிலேயே உள்ள சிகிச்சைகளில் மிகக் குறைவாகப் பயன்படுவது அவருடைய கடிதத்தாள். இந்நோயில் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போவதால், பதினைந்து, இருபது ஆண்டுக்கு முன் வங்கியில் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு இன்றைய கையெழுத்து பொருந்தாமல், தம் ஓய்வூதியத்தைத் தாமே எடுக்கமுடியாமல் முகப்பில் நின்று, பின்னால் வரிசை நீள நீளக் கை இன்னும் மோசமாக ஆடி, மூன்றாம் முறையும் தவறி வீடு திரும்பியவர்கள் பலர். எந்த நோயால் எழுத்து மாறியது, அறிவில் குறையேதும் இல்லை, புதிய மாதிரிக் கையெழுத்தையோ பெருவிரல் ரேகையையோ ஏற்றுக்கொள்ளலாம் என்று மேலாளருக்கு நான்கு வரி எழுதிக் கையொப்பமும் முத்திரையும் இட்டுக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. கேட்டால் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் புதிய நோயாளிக்கு அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பதே தெரியாது. ஆகையால் இரண்டாம் சந்திப்பில், மருந்து ஒத்துக்கொண்டதா என்ற கேள்விக்கு அடுத்த கேள்வியாக, கையெழுத்துப் போடவேண்டிய இடம் எதுவும் உண்டா என்பதையும் மருத்துவரே கேட்டுவிடுவது நல்லது.